குடத்தில் யார் பெயர்?

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 உள்ளூர் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருவது பற்றி இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆய்வாளர் இல்லை. சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தவை ஒரு கோயில், ஓர் ஏரி, மாதம் ஒருமுறை கூடும் ஒரு சிறிய வரலாற்றுக் குழு, பிறகு என் மாணவி ஒருத்தி கேட்ட ஒரு கேள்வி. அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் அந்தக் குழுவைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை எட்டுப் பேர் கூடுவோம். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கடைக்காரர், ஒரு விவசாயி, ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர், என்னைப் போல் ஆசிரியர்கள் சிலர். ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ ஒரு பழைய கல் கிடக்கிறது என்று தகவல் வந்தால் போய்ப் பார்ப்போம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு எழுதிப் போடுவோம். கல்வெட்டு உள்ள சுவரில் எண்ணெய் தடவாதீர்கள், சுண்ணாம்பு அடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்போம். எங்கள் வேலை இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரு நீளமான கணக்கு நோட்டில் அந்தப் பெரியவர் எழுதி வைக்கிறார். அஞ்சலகத்தில் எழுதிய கை. ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

உத்திரமேரூர் என்றதும் உங்களுக்கு நினைவு வருவது குடவோலை முறை. ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் நடத்தும் எல்லாரும் அதைத் தொட்டுத்தான் போகிறோம். வைகுந்தப் பெருமாள் கோயிலின் மண்டபச் சுவரில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. அதாவது ஏறத்தாழ 919, 921. ஊர்ச்சபைக்கு உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சபையார் கூடிச் செய்த ஏற்பாடு அது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நாம் இன்று வார்டு என்கிறோமே, அதுபோல. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். எல்லாரும் கூடியிருக்கும்போது, நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி, உரக்க வாசிப்பார். மற்ற நம்பிமாரும் வாசித்த பிறகுதான் பெயர் எழுதப்படும். இப்படித் தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

ஐந்து விரலையும் விரிக்க வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கைக்குள் வேறு ஓலையை ஒளித்துவைக்கும் ஆள் அன்றைக்கும் இருந்திருக்கிறான்! இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கணக்கு பற்றிய விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது. தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், சகோதரியின் கணவர் என்று இரண்டாவது கல்வெட்டு உறவுமுறைப் பட்டியலே போடுகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. இன்னொன்று, முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 வரை என்று மாற்றியிருக்கிறார்கள். விதியை எழுதி, நடத்திப் பார்த்து, திருத்தியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இதையெல்லாம் நான் பத்து ஆண்டுகளுக்கு மேல் பெருமையாகவே நடத்தினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரைக் கோயிலுக்கு அழைத்துப் போனோம். எங்கள் குழுவின் பெரியவர் வந்து விளக்கினார். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனோம். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் கல்லெழுத்து கண்ணுக்குத் தெரியும். நேர் வெயிலில் சுவர் வெறும் சுவராகத்தான் இருக்கும். பிள்ளைகள் 'க', 'ட', 'ப' என்று தெரிந்த எழுத்துகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள்.

மறுநாள் பள்ளியில் குடவோலையை நடத்திக் காட்டினோம். ஒரு மாணவனின் அப்பா பனை ஓலை நறுக்கிக் கொடுத்தார். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு குடம். ஓலை எடுப்பதற்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். தண்ணீர்க் குழுவுக்கும் தோட்டக் குழுவுக்கும் ஆள் எடுத்தோம். பெரியவர் மத்தியஸ்தராக நின்று, விரலை விரித்து ஓலையை வாங்கி வாசித்தார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

எல்லாம் முடிந்து வரிசையில் நிற்கும்போது, கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு மாணவி என் அருகில் வந்தாள். அதிகம் பேசாத பெண். மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அந்தக் காலத்துல எங்க ஆயா இருந்திருந்தா, அவங்க பேரையும் ஓலையில எழுதியிருப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. "அதெல்லாம் அப்புறம் பேசலாம், வரிசையில நில்லு" என்றேன். அவள் போய் நின்றுகொண்டாள். பக்கத்தில் இருந்த பெரியவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நண்பர்களே, அந்தப் பெண்ணின் ஆயா கூலி வேலை செய்பவர். சொந்த நிலம் கிடையாது. நூறு நாள் வேலையில் எங்கள் கிராமத்து ஏரியிலும் வரத்துக் கால்வாயிலும் மண் எடுப்பவர். கல்வெட்டு என்ன சொல்கிறது? வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். கூடுதல் கல்வி இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். உத்திரமேரூர் அன்று ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊர். அந்தச் சபை நிலம் உடைய பிராமண ஆண்களின் சபை. உழுதவர், நெய்தவர், பானை வனைந்தவர், ஏரிக்கு மண் சுமந்தவர் யாருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. பெண்கள் பெயரும் போகவில்லை.

இந்தத் தகுதிகள் பாடம் நடத்தும்போது நான் சொல்லாதவை அல்ல. "நிலம், வீடு, வயது, கல்வி" என்று கரும்பலகையில் நான்கு வரியாக எழுதிப் போடுவேன். தேர்வுக்கு நான்கு மதிப்பெண். அந்த நான்கு வரியில் யார் வெளியே நிற்கிறார்கள் என்று நானும் கேட்டதில்லை, எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. அந்தப் பெண் கேட்டாள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். ஆளுக்கொரு தாள் கொடுத்து, "அன்று உங்கள் குடும்பத்தின் பெயர் குடத்தில் இருந்திருக்குமா?" என்று எழுதச் சொல்லலாம் என்று திட்டம். ஆசிரியர் அறையில் சொன்னபோது எங்கள் மூத்த தமிழாசிரியை தடுத்தார். "வேண்டாம்மா. யாருக்கு நிலம் இருக்கு, யார் எந்தத் தெருன்னு பிள்ளைங்களே வகுப்புல எழுந்து சொல்ற மாதிரி ஆயிடும். கேள்வி நல்ல கேள்விதான். அதைப் பிள்ளைங்க தலையில வைக்காதீங்க" என்றார். நல்லவேளை. இதை உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன். உண்மையைச் சொல்கிறோம் என்ற எண்ணத்திலேயே ஒரு குழந்தையை எல்லார் முன்னும் நிறுத்திக் காயப்படுத்திவிட முடியும்.

அதற்குப் பதிலாகப் பத்து அட்டைகள் செய்தோம். பத்தும் கற்பனை மனிதர்கள். அரை வேலி நிலமும் சொந்த வீடும் வேதக் கல்வியும் உள்ள 40 வயதுக்காரர். எல்லாம் இருந்தும் வயது 32 ஆனவர். போன ஆண்டு வாரியத்தில் இருந்தவர். எல்லாத் தகுதியும் உள்ளவர், ஆனால் அவருடைய மைத்துனர் கணக்குக் காட்டவில்லை. நிறைய நிலம் உள்ள ஒரு வேளாளர். ஊருக்கெல்லாம் பானை செய்பவர். நெசவாளர். நிலம் உள்ள வீட்டுப் பெண். எழுத்துத் தெரிந்த ஒரு வணிகர். ஏரியில் தூர் எடுக்கும் கூலித் தொழிலாளி. இரண்டு கல்வெட்டுகளின் விதிகளையும் எளிய தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். குழுவுக்கு இரண்டு அட்டை. இவர் பெயர் குடத்துக்குள் போகுமா, போகாதா? எந்த விதியால்?

அந்த ஒரு மணி நேரம் நான் பேசவே இல்லை. 32 வயதுக்காரர் முதல் கல்வெட்டின்படி உள்ளே, இரண்டாவதின்படி வெளியே என்று ஒரு குழு கண்டுபிடித்தது. மைத்துனருக்காக இவரை ஏன் தண்டிக்க வேண்டும் என்று ஒரு சண்டை. கடைசியில் பத்து அட்டையில் ஒன்றுதான் எந்தச் சிக்கலும் இல்லாமல் உள்ளே போனது. "ஏரி வாரியம்னு ஒண்ணு இருக்கு, ஆனா ஏரியில வேலை செய்யறவங்க அதுல இல்லையா?" என்று ஒரு பையன் கேட்டான். அப்போது நான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "நீ அன்னிக்குக் கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. தப்பு என் மேலதான். உங்க ஆயா பேரு அந்தக் குடத்துல இருந்திருக்காது. எங்க பாட்டி பேரும் இருந்திருக்காது."

பிறகு இன்றைய நிலைமைக்கு வந்தோம். நம் அரசியலமைப்பு நிலமோ படிப்போ கேட்காமல் வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்தது. 1992இன் 73, 74ஆம் திருத்தங்கள் உள்ளாட்சியில் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடங்களை ஒதுக்கின. தமிழ்நாட்டில் 2016 முதல் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி நம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கணக்குக் காட்டும் விதியும் தொடர்கிறது. அரசின் ஊரக வேலைத் திட்டத்தின் கணக்கைக் கிராம சபை தணிக்கை செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 921இல் ஆயாவின் பெயர் குடத்தில் இல்லை. இன்று கணக்கைக் கேட்கும் இடத்தில் ஆயாவே உட்காரலாம். பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். குடிமையியலை இவ்வளவு சுலபமாக நான் அதுவரை நடத்தியதில்லை.

இனி எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் ஒரு சிறு கண்காட்சி வைப்போம். கல்வெட்டுப் படங்கள், பழைய நாணயங்கள், பிள்ளைகளின் வரைபடங்கள். முகப்பில் 'உலகின் முதல் மக்களாட்சி' என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகை இருக்கும். அந்த ஆண்டு என் மாணவர்கள் அந்தப் பத்து அட்டைகளையும் ஒரு பெரிய தாளில் ஒட்டி, 'குடத்தில் யார் பெயர் இல்லை?' என்று தலைப்பிட்டுக் கொண்டுவந்தார்கள்.

முந்தைய ஞாயிறு கூட்டத்தில் பேச்சு சூடாகிவிட்டது. "ஊருக்கு இருக்கற ஒரே பெருமை இது. அதையும் நாமே குறைச்சுக் காட்டணுமா டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் அலைந்து கற்களைத் தேடுபவர்களில் முதல் ஆள் அவர்தான். இன்னொருவர், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊரை இன்றைய சட்டத்தை வைத்து அளப்பது நியாயமா என்றார். அதுவும் சிந்திக்க வேண்டிய கேள்விதான். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வாக்குவாதம் நீண்டது.

பெரியவர் ஒன்றும் பேசாமல் நோட்டைப் புரட்டி, கல்வெட்டின் பாடத்தை எடுத்து, தகுதிகள் வரும் பகுதியை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். மூடி வைத்துவிட்டு, "கல்லுல இருக்கறதத்தானே பிள்ளைங்க எழுதியிருக்கு. அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டப்பவே நான் இதை வாசிச்சிருக்கணும்" என்றார். தாள் கண்காட்சிக்குப் போனது. பதாகையும் அப்படியே இருந்தது. முதலில் எதிர்த்தவர் அந்த ஆண்டு கண்காட்சிக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு வந்தார். அந்தத் தாளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

கண்காட்சியில் வேடிக்கையும் ஒன்று நடந்தது. ஒரு மாணவன் பெரியவரிடம் போய், "தாத்தா, உங்க குழுவுல வரவு செலவுக் கணக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டான். அன்று முதல் ஒவ்வொரு கூட்டத்திலும் தேநீர்ச் செலவு உட்பட எல்லாம் உரக்க வாசிக்கப்படுகிறது.

அதன்பிறகு எங்கள் நோட்டில் ஒரு புதிய பகுதி தொடங்கினோம். ஏரி பற்றிய பகுதி. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் என்ற ஏரியின் பெயர் பல்லவர் காலத்திலிருந்தே வருகிறது. ஏரியைத் தூர் எடுக்கக் கொடுத்த அறக்கொடைகளும் பதிவாகியிருக்கின்றன. கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. கூடை சுமந்தவர் பெயர் இல்லை. அந்த அறிவு கல்லில் இல்லாமல் மனிதர்களிடம் இருக்கிறது. எனவே அந்த மாணவியின் ஆயாவைப் பள்ளிக்கு அழைத்தோம். முதலில் வர மறுத்தார். "எனக்கு என்னாம்மா தெரியும், நான் கைநாட்டு" என்றார். பேத்திதான் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். எந்த மதகை முதலில் திறக்க வேண்டும், ஏன். கலங்கல் வழியும்போது கரையில் எங்கே கசியும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது. நீர்க்கட்டி முறை வைத்துத் தண்ணீர் விட்ட விதம். வண்டல் மண்ணை மாட்டு வண்டியில் வயலுக்கு அடித்தது. சும்மாடு எப்படிக் கட்டினால் கழுத்து வலிக்காது என்று தன் புடவைத் தலைப்பைச் சுற்றியே காட்டினார். பிள்ளைகள் குறித்துக்கொண்ட ஏரிச் சொற்கள் மட்டும் இரண்டு பக்கம் வந்தன. பெரியவர் அதைத் தன் கையெழுத்தில் நோட்டில் ஏற்றி, மேலே ஆயாவின் பெயரை எழுதினார். கல்வெட்டுப் பாடம் இருக்கும் அதே நோட்டில்.

நண்பர்களே, உங்கள் ஊரில் உத்திரமேரூர் மாதிரி புகழ்பெற்ற கல் இல்லாமல் இருக்கலாம். ஒரு நடுகல், ஒரு பழைய சத்திரம், ஒரு சந்தை, ஒரு குளம் கட்டாயம் இருக்கும். அதைப் பற்றித் தெரிந்த நான்கு பேரும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருந்தால் அதன் வழியாகவே செய்யலாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதி இல்லாமல் படியெடுக்க வேண்டாம். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணப்பொடியோ மாவோ தேய்க்க வேண்டாம். பக்கவாட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் போதும்.

முதல், பழைமையான, பெரிய என்ற சொற்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கல்லில் உள்ள எல்லா வரிகளையும் வாசியுங்கள். பெருமைப்பட வேண்டிய வரியும் இருக்கும், கேள்வி கேட்க வேண்டிய வரியும் இருக்கும். குழந்தை கேள்வி கேட்டால், பதில் சங்கடமாக இருந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள். நான் ஒரு வாரம் தாமதித்தேன். அந்த ஒரு வாரமும் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு கண்காட்சிக்கு வந்தவர்களுக்குக் குடவோலையை விளக்கியவள் அவள்தான். ஐந்து விரலையும் விரித்து ஓலை வாங்குவதைக் காட்டி, கணக்குக் காட்டாதவர் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, "இந்தக் குடத்துல எங்க ஆயா பேரு இல்ல. அவங்க பேரு இந்த நோட்டுல இருக்கு" என்று திறந்து காட்டினாள்.